கோடைநாளோடு ஒப்பிட்டால் கோபம் வராதா? காதல் சானெட்டைப் பிரித்துப் படிக்க ஓர் அறிமுகம்

"உன்னை ஒரு கோடைநாளுக்கு ஒப்பிடட்டுமா?" என்று வேலூரிலோ திருச்சியிலோ ஒருவன் தன் காதலியிடம் கேட்டால் என்ன ஆகும்? அக்கினி நட்சத்திர நேரமாக இருந்தால் பேச்சு அதோடு முடிந்தது. ஷேக்ஸ்பியரின் 18-ஆவது சானெட் (சானெட் என்றால் பதினான்கு வரிக் கவிதை) இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. உலகத்தில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் காதல் கவிதைகளில் ஒன்று. சமவெளியில் இருந்து படிப்பவருக்கு முதல் வரியே இடிக்கும்.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்கு இடிக்காது. மே மாதம் இங்கே சீசன். பகலில் இருபது டிகிரியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். இங்கிலாந்தின் நல்ல கோடைநாளும் ஏறக்குறைய அதே கணக்கு. மதராஸ் மாகாண அரசாங்கம் கோடையில் மூட்டை கட்டிக்கொண்டு உதகைக்கு ஏறி வந்ததும் இந்தக் கணக்குக்காகத்தான். ஆகவே கவிதையில் 'கோடை' என்று வரும் இடத்திலெல்லாம் 'ஊட்டி சீசன்' என்று வைத்துப் படித்துப் பாருங்கள். பாதி விளக்கம் தானாக வந்துவிடும்.

மீதிப் பாதிக்கு வடிவத்தையும் அணிகளையும் பார்க்க வேண்டும். முதலில் கவிதை சொல்வதைச் சாதாரண உரைநடையில் தருகிறேன்.

உன்னை ஒரு கோடைநாளுக்கு ஒப்பிடட்டுமா? நீ அதைவிட அழகு, அதைவிட மிதம். மே மாதத்துச் செல்ல மொட்டுகளை முரட்டுக் காற்று உலுக்குகிறது; கோடையின் குத்தகைக் காலமோ மிகவும் குறைவு.

வானத்தின் கண் சில நேரம் அளவுக்கு மீறிச் சுடுகிறது. அதன் பொன்முகம் அடிக்கடி மங்கிப் போகிறது. அழகானது எதுவும் ஒரு நாள் தன் அழகிலிருந்து இறங்கும். தற்செயலாலோ இயற்கையின் போக்காலோ அதன் அலங்காரம் கலையும்.

ஆனால் உன்னுடைய நிலையான கோடை வாடாது. உனக்குச் சொந்தமான அழகு உன் கைவிட்டுப் போகாது. நீ தன் நிழலில் அலைவதாகச் சாவு பெருமையடித்துக்கொள்ள முடியாது, அழியாத வரிகளில் காலத்தோடு நீ வளரும்போது.

மனிதர் மூச்சு விடும்வரை, கண்கள் பார்க்கும்வரை இது வாழும்; இது உனக்கு உயிர் கொடுக்கும்.

14 வரிகள், நாலு, நாலு, நாலு, கடைசியில் இரண்டு. இந்தப் பிரிவைத் தீர்மானிப்பது ரைம், அதாவது வரி முடிவில் ஒத்து வரும் ஒலி.

ரைம் வரியின் வாலில் இருக்கிறது

தமிழ்க் காது பாட்டின் ஒலியை வரியின் தொடக்கத்தில் தேடிப் பழகியது. எதுகை, மோனை இரண்டும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். ஆங்கிலத்தில் வரியின் கடைசியைப் பார்க்க வேண்டும். நம் யாப்பிலும் இதற்கு இயைபு என்று பெயர் உண்டு. ஆனால் பழைய பாட்டில் எதுகைக்குள்ள செல்வாக்கு அதற்கு இல்லை.

இந்தக் கவிதையில் முதல் வரி 'டே' என்று முடிகிறது, மூன்றாவது 'மே' என்று முடிகிறது. இரண்டாவதும் நான்காவதும் 'டெம்பரேட்', 'டேட்'. (இன்றைய உச்சரிப்பில் இந்த ஜோடி சரியாகப் பொருந்தாது. கண்டுகொள்ள வேண்டாம்.) ஒன்றுவிட்டு ஒன்று பின்னிப் போகும் இந்த அமைப்பு அடுத்த நான்கு வரிகளில் வேறு ஒலிகளோடு வரும், அதற்கடுத்த நான்கிலும் வரும். கடைசி இரண்டு வரிகள் 'சீ', 'தீ' என்று ஒட்டியபடி முடியும். மொத்தம் ஏழு ஒலிகள். இதுதான் ஆங்கில சானெட், அல்லது ஷேக்ஸ்பியர் சானெட்.

இத்தாலியில் வேறு மாதிரி. சானெட் பிறந்த ஊர் சிசிலி, 13-ஆம் நூற்றாண்டு. ஜாக்கோமோ தா லெந்தினி என்ற அரசவை நோட்டரிதான் அதை உருவாக்கியவர் என்று பொதுவாகச் சொல்வார்கள். பத்திரம் எழுதும் கை என்பதை மனதில் வையுங்கள், பிறகு பயன்படும். அடுத்த நூற்றாண்டில் பெட்ரார்க் என்ற இத்தாலியக் கவிஞர் லாரா என்ற பெண்ணை நினைத்து 300-க்கு மேல் சானெட்டுகள் எழுதி இந்த வடிவத்தைக் காதலுக்கே உரியதாக்கினார். அவருடையது எட்டும் ஆறுமாகப் பிரியும். முதல் எட்டு வரிக்கும் சேர்த்து இரண்டே ஒலிகள்தான். உயிரொலியில் முடியும் சொற்கள் நிறைந்த இத்தாலிய மொழிக்கு அது எளிது. 16-ஆம் நூற்றாண்டில் வையட், சர்ரே பிரபு என்ற இரண்டு ஆங்கிலக் கவிஞர்கள் சானெட்டை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தபோது, ஒத்த ஒலி அவ்வளவு தாராளமாகக் கிடைக்கவில்லை. ஏழு ஒலிகளாகத் தளர்த்தியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அழுத்தம் எண்ணுவது

ஒவ்வொரு வரியிலும் பத்து அசைகள். மெல்ல ஒன்று, அழுத்தி ஒன்று என ஐந்து ஜோடிகள். இதற்கு அயாம்பிக் பென்டாமீட்டர் என்று பெயர். 'ஷல் ஐ, கம்-பேர், தீ டு, அ சம், மர்ஸ் டே.' ஐ, பேர், சம், டே ஆகியவற்றில் அழுத்தம் நன்றாகவே விழும். நடுவில் வரும் 'டு' கொஞ்சம் சோம்பலாக விழும். ஐந்து சீர் வந்தால் நெடிலடி என்று நாம் சொல்வதால், இதையும் நெடிலடி என்று சொல்லத் தோன்றும். நினைவில் வைக்க உதவும் என்றால் சரி. ஆனால் நம் நேரும் நிரையும் குறில், நெடில், ஒற்று பார்த்து அமைபவை. ஆங்கிலத்தில் குரல் எங்கே அழுந்துகிறது என்பதுதான் கணக்கு. இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

வெறும் எண்ணிக்கையால் பயன் இல்லை. கணக்கு எங்கே குலைகிறது என்று பார்ப்பதில்தான் சுவை. மூன்றாவது வரி 'ரஃப் விண்ட்ஸ்' என்று தொடங்குகிறது. மெல்லிய அசை வரவேண்டிய முதல் இடத்திலேயே அழுத்தம் விழுகிறது, அடுத்த அசையிலும் விழுகிறது. மொட்டை உலுக்கும் காற்று வரியையும் உலுக்குகிறது. மலர்க் கண்காட்சி நெருங்கும் மே மாதத்தில், திடீரென்று ஆலங்கட்டி மழையோடு காற்று வீசும் மதியங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வரி நன்றாகவே புரியும்.

(அந்தக் காலத்து இங்கிலாந்தில் பழைய ஜூலியன் நாட்காட்டிதான். இன்றைய கணக்குக்கு அது 10 நாள் பின்தங்கியது. ஆகவே கவிதையின் மே, நம் ஜூன் முதல் வாரத்தையும் தாண்டி நீளும். மே மாதத்தை ஏன் கோடை என்கிறார் என்று கேட்பவர்களுக்காக இது.)

உவமை இல்லாத உவமைக் கவிதை

தேர்வுத்தாளில் இந்தக் கவிதைக்கு "உவமை பயின்று வந்துள்ளது" என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம். முதல் வரியில் 'ஒப்பிடட்டுமா' என்று வருகிறதே, அதனால் வரும் மயக்கம். உண்மையில் இந்தக் கவிதையில் 'போல' என்று ஓர் இடத்திலும் வரவில்லை. ஒப்பிடட்டுமா என்று கேட்டுவிட்டு, ஒப்பிட முடியாது என்பதற்கான காரணங்களை அடுக்குகிறார்.

இது நமக்குப் புதிதல்ல. பள்ளியில் வேற்றுமை அணிக்கு 'தீயினாற் சுட்டபுண்' குறளை எடுத்துக்காட்டாகப் படித்திருப்போம். இரண்டு பொருளுக்கு ஒற்றுமை சொல்லி, பிறகு ஒன்றை உயர்த்தி வேறுபடுத்துவது அந்த அணி. காதலுக்கு இன்னும் பொருத்தமான குறள் ஒன்று இருக்கிறது, 1117:

அறுவாய் நிறைந்த அவிர்மதிக்குப் போல
மறுவுண்டோ மாதர் முகத்து.

தேய்ந்து தேய்ந்து நிறையும் நிலாவில் களங்கம் இருக்கிறது. இவள் முகத்தில் அது உண்டா? நிலாவுக்குச் செய்ததையே ஷேக்ஸ்பியர் கோடைக்குச் செய்கிறார். வள்ளுவர் இரண்டு அடியில் முடித்ததை அவர் பதினான்கு வரிக்கு நீட்டுவதால், அந்த நீளத்தில் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

கோடையின் மீது புகார் பட்டியல் வாசிக்கிறார். காற்று முரடு, காலம் குறைவு, வெயில் சில நேரம் அதிகம், சில நேரம் சூரியனே காணோம். காலையில் பொன்னாக அடித்த வெயில் மதியம் மூடுபனிக்குள் போய்விடும் கோத்தகிரியில் இதற்கெல்லாம் பொழிப்புரை தேவையில்லை. சூரியனை 'வானத்தின் கண்' என்பது உருவகம். அந்தக் கண்ணுக்கு ஒரு பொன்முகத்தையும் கொடுத்து ஆளாக்கிவிடுகிறார். வரித் தொடக்கங்களைக் கவனியுங்கள்: 4, 6, 7 மூன்றும் 'அண்ட்' என்று தொடங்குகின்றன. அப்புறம் இது, அப்புறம் அது என்று குற்றச்சாட்டு ஏறிக்கொண்டே போகிறது.

ஏழாவது வரியில் ஒரு விபரீதம் நடக்கிறது. இதுவரை கோடையைக் குறை சொன்னவர், 'அழகானது எதுவும்' ஒரு நாள் இறங்கும் என்கிறார். எதுவும் என்றால் எதிரே நிற்கும் ஆளும் அதில் சேர்த்திதானே? புகழ வந்தவர் தன் வாயாலேயே மாட்டிக்கொண்டார். எட்டாவது வரி முடியும்போது காதல் கவிதை கிட்டத்தட்ட இரங்கற்பா ஆகிவிடுகிறது.

ஒன்பதாவது வரியின் முதல் சொல் 'பட்'. ஆனால்.

இந்தத் திருப்பத்துக்கு இத்தாலிய மொழியில் வோல்ட்டா என்று பெயர். சானெட்டைப் படிக்கும்போது முதலில் தேட வேண்டியது இதைத்தான். இங்கே வேடிக்கை என்னவென்றால், ரைமைப் பார்த்தால் கவிதை 4, 4, 4, 2 என்று பிரிகிறது. பொருளைப் பார்த்தால் பெட்ரார்க் பாணியில் 8, 6 என்று பிரிகிறது. ஆங்கில உடம்புக்குள் இத்தாலிய எலும்பு. ரைம் போகும் வழியும் பொருள் போகும் வழியும் எங்கே சேர்கின்றன, எங்கே விலகுகின்றன என்று சொல்லத் தெரிந்தால் வடிவத்தைப் பகுப்பாய்வு செய்தாயிற்று. "இது பதினான்கு வரி கொண்டது, ஏ பி ஏ பி ரைம் கொண்டது" என்று எழுதுவது அளவெடுப்பது மட்டும்தான். சட்டை இன்னும் தைக்கவில்லை.

குத்தகையும் பட்டாவும்

எனக்கு இந்தக் கவிதையில் மிகவும் பிடித்தது நான்காவது வரிக்கும் பத்தாவது வரிக்கும் நடுவில் ஓடும் ஒரு கம்பி. நான்காவது வரியில் கோடைக்குக் குத்தகைதான், அதற்கும் சீக்கிரமே தவணை முடியும் தேதி வருகிறது என்றார். பத்தாவது வரியில் உன் அழகு உனக்குச் சொந்தம், அனுபோகம் உன் கையைவிட்டுப் போகாது என்கிறார். இரண்டும் பத்திர ஆபீஸ் பாஷை. சீசனுக்கு மட்டும் கடை எடுத்து, ஜூனில் மழை வந்ததும் காலி செய்துவிட்டுப் போகிறவருக்கும், பட்டா நிலத்தில் வீடு கட்டி உட்கார்ந்திருப்பவருக்கும் என்ன வித்தியாசம் என்று மலையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். கோடை குத்தகைதாரர், நீ பட்டாதாரர். சானெட்டைத் தொடங்கி வைத்தவர் ஒரு நோட்டரி என்றேன் அல்லவா? அது தற்செயலாகவே இருக்கட்டும். வக்கீல் வாதாடுவது போன்ற ஒரு தொனி இந்த வடிவத்துக்கு நன்றாகவே பொருந்துகிறது.

அப்புறம் சாவு வருகிறது. அதுவும் ஓர் ஆளாக, பெருமை பீற்றுகிற ஆளாக. 10, 11 இரண்டு வரிகளும் 'நார்' என்ற மறுப்புச் சொல்லில் தொடங்குகின்றன. முன்னே 'அண்ட், அண்ட்' என்று ஏற்றிய புகார்களை 'நார், நார்' என்று இறக்குகிறார். கடைசி இரண்டு வரிகளும் 'சோ லாங்' என்றே தொடங்குகின்றன. வரிமுதல் சொல் திரும்பத் திரும்ப வருவதை ஆங்கிலத்தில் அனஃபொரா என்பார்கள். பெயர் எழுதினால் ஒரு மதிப்பெண் கிடைக்கலாம். முதலில் குற்றச்சாட்டு, பிறகு மறுப்பு, பிறகு உறுதி என மூன்று மனநிலைகளை மூன்று வரிமுதல் சொற்கள் பிடித்துவைத்திருக்கின்றன என்று எழுதினால்தான் கவிதையைப் படித்ததாக அர்த்தம்.

மாலையில் பி.ஏ. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்டாள்: "சார், அந்தப் பொண்ணு எப்படி இருப்பான்னு ஒரு வரிகூட இல்லையே?"

நல்ல கேள்வி. கண் எப்படி, கூந்தல் எப்படி, எதுவும் இல்லை. பொண்ணு என்றுகூடக் கவிதையில் இல்லை. 1609-இல் அச்சான தொகுப்பில் 154 சானெட்டுகள். அவற்றில் முதல் 126 ஓர் இளைஞனை நோக்கியவை என்பதே பொதுவான வாசிப்பு, இது அவற்றில் ஒன்று. பெயரும் இல்லை. உன்னைச் சாகவிடமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு, உயிரோடு வைத்திருப்பது தன் வரிகளைத்தான். கடைசி வரியின் 'இது' என்பது அந்தக் கவிதையே. 400 ஆண்டு தாண்டியும் வரி நிற்கிறது, ஆள் யார் என்று தெரியவில்லை. என் கருத்தில் இது காதலைவிடக் கவிதையின் மீதுள்ள கர்வத்தைப் பாடும் கவிதை. இப்படிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். ஆனாலும் கடைசி இரண்டு வரியைத் தனியாக எடுத்துப் படித்துப் பாருங்கள்.

நம் மலைப் பாட்டு ஒன்றை இதன் பக்கத்தில் வைத்தால்

பெயர் சொல்லாமை நம் அகப்பாட்டில் விதி. 'சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்' என்கிறது தொல்காப்பியம். குறுந்தொகையின் மூன்றாம் பாட்டு, தேவகுலத்தார் பாடியது:

நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று
நீரினும் ஆரளவு இன்றே சாரல்
கருங்கோல் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே.

மலைச்சரிவில் கரிய கொம்புடைய குறிஞ்சிப் பூவிலிருந்து தேனீக்கள் பெருந்தேனை உண்டாக்கும் நாட்டுக்காரன் அவன்; அவனோடு நான் கொண்ட நட்பு நிலத்தைவிடப் பெரியது, வானத்தைவிட உயர்ந்தது, கடலைவிட ஆழம் காண முடியாதது.

நாலே அடி ஆசிரியப்பா. மூன்றாவது அடியில் மட்டும் மூன்று சீர், மற்றவற்றில் நான்கு. ஈற்றயலடி ஒரு சீர் குறைவதால் நேரிசை ஆசிரியப்பா. 'நிலத்தினும், நீரினும்' மோனை. 'கருங்கோல், பெருந்தேன்' எதுகை. சானெட்டில் அடி வாலில் தேடிய ஒலி இங்கே அடி முகத்தில் இருக்கிறது.

திருப்பம் எங்கே? ஷேக்ஸ்பியர் எட்டு வரி போய் 'ஆனால்' என்று திரும்பினார். இங்கே 'ஆனால்' கிடையாது. பெரியது, உயர்ந்தது, ஆழமானது என்று மூன்று பயனிலைகள் முன்னால் வந்துவிடுகின்றன. எது பெரியது என்று கேட்டால் பதில் இல்லை. நடுவே பூ, தேன், மலை எல்லாம் வந்துபோன பிறகு கடைசிச் சீராக 'நட்பே' என்று எழுவாய் இறங்குகிறது. மொத்தப் பாட்டும் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறது. தமிழ் வாக்கிய அமைப்பு இதற்கு இடம் கொடுக்கிறது. கவிஞர் அதை முழுக்கப் பயன்படுத்திக்கொண்டார்.

பேசுபவர் கவிஞர் அல்ல, தலைவி. தோழி அவனைக் குறை சொல்கிறாள். அவன் வேலிப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான். இவள் விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாள். இந்தச் சூழலைப் பாட்டின் அடியிலுள்ள துறைக்குறிப்பு சொல்கிறது. ஆகவே இந்தப் புகழ்ச்சி ஒரே நேரத்தில் தோழிக்குப் பதில், அவன் காதுக்குச் செய்தி. சீக்கிரம் வந்து மணம் பேசு என்ற செய்தி. சானெட்டில் 'நான்' என்பவர் 'உன்'னிடம் நேராகப் பேசுகிறார். இங்கே மூன்றாவது ஒருவர் ஒட்டுக் கேட்கிறார்.

குறிஞ்சியும் தேனும் சும்மா அலங்காரம் இல்லை. சாரல் முழுக்கப் பூத்த சிறு பூக்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பெருந்தேன் ஆக்குவது போல, அவர்கள் காதலும் சேர்ந்தது என்று உள்ளுறையாக, அதாவது வெளியே சொல்லாத உவமையாகப் படிக்கலாம். 2018-இல் கொடைக்கானல் சரிவுகளில் குறிஞ்சி பூத்ததைப் பார்த்தவர்கள், 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் பூ என்ற செய்தியையும் பாட்டுக்குள் கொண்டுவர ஆசைப்படுவார்கள். நான் தடுப்பேன். பாட்டில் ஆண்டுக் கணக்கு இல்லை, பூவும் தேனும்தான் இருக்கின்றன. மலையில் வாழ்வது சில வரிகளைச் சீக்கிரம் புரியவைக்கும். பாட்டில் இல்லாததைச் சேர்க்க அது உரிமை தராது. சானெட்டுக்கும் இதே கட்டுப்பாடுதான். 'ஊட்டி சீசன்' என்று வைத்துப் படிக்கச் சொன்னது வரியை உணர்வதற்கு. விடைத்தாளில் எழுதுவதற்கு அல்ல.

பழகிப் பார்க்க அடுத்து 130-ஆவது சானெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரார்க் வழி வந்தவர்கள் தலைமுடி தங்கம், உதடு பவளம், கன்னம் ரோஜா என்று வரிசையாகப் புகழ்வதைக் கேலி செய்து எழுதியது. தலைமுடி முதல் பாதம் வரை வரிசையாகப் புகழும் நம் கேசாதிபாதம் தெரிந்தவர்களுக்குக் கேலி உடனே பிடிபடும். என் காதலியின் கண் சூரியன் மாதிரி இல்லை, பவளம் அவள் உதட்டைவிடச் சிவப்பு, தலையில் கறுப்புக் கம்பிகள் முளைத்திருக்கின்றன என்று போகும். பென்சிலை வைத்துக்கொண்டு முதலில் ரைமைக் குறியுங்கள். 18-ஆவதைப் போலவே வரும். பிறகு திருப்பத்தைத் தேடுங்கள். ஒன்பதாவது வரியின் நடுவில் ஒரு 'யெட்' வந்தாலும் அது திருப்பம் இல்லை, அங்கும் கேலி தொடர்கிறது. பதின்மூன்றாவது வரியில்தான் 'அண்ட் யெட்' வருகிறது. பன்னிரண்டு வரி குறை சொல்லிவிட்டு, இரண்டே வரியில் காதலைச் சொல்ல வேண்டும் என்றால் அந்த இரண்டு வரி எவ்வளவு சுமையைத் தாங்க வேண்டும், தாங்குகிறதா என்பதை ஒரு பத்தியாக எழுதிப் பாருங்கள்.